முறுக்கிய ஒளியும் அறுந்த கேபிளும்: நம் இணையத்துக்கு உண்மையில் எது தேவை?

2025 செப்டம்பர் 6, சனிக்கிழமை. அன்றும் அதை அடுத்த சில நாள்களும் வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுடன் பேச முயன்ற குடும்பங்களுக்கு அந்த அனுபவம் மறந்திருக்காது. துபாயிலிருந்து போட்டிமில் அழைப்பு வரும். முகம் உறைந்து நிற்கும். 'கேட்குதா உம்மா?' என்பது மட்டும் துண்டு துண்டாக வந்து சேரும். பிறகு அதுவும் இல்லை. மோடத்தை அணைத்துப் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. ரீசார்ஜ் முடிந்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு.

கோளாறு நம் வீட்டிலும் இல்லை, துபாயிலும் இல்லை. ஜித்தாவுக்கு அருகே செங்கடலின் அடியில் கிடந்த கேபிள்கள் சேதமடைந்திருந்தன. தென்கிழக்கு ஆசியாவையும் மத்திய கிழக்கையும் மேற்கு ஐரோப்பாவையும் இணைக்கும் எஸ்.எம்.டபிள்யூ-4 அவற்றில் ஒன்று. சென்னையிலும் மும்பையிலும் கரையேறும் கேபிள் அது. இந்தியாவை மத்திய கிழக்கு வழியாக ஐரோப்பாவுடன் இணைக்கும் ஐ.எம்.இ.டபிள்யூ.இ. இன்னொன்று. இந்தியா, பாகிஸ்தான், அமீரகம் ஆகிய நாடுகளில் இணையம் மந்தமானது. மத்திய கிழக்கு வழியாகச் செல்லும் தரவுகள் தாமதமாகும் என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தன் வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது. ஏதோ ஒரு வணிகக் கப்பல் தன் நங்கூரத்தைக் கடலடியில் இழுத்துச் சென்றதே காரணமாக இருக்கும் என்று கேபிள் துறையினர் கருத்துத் தெரிவித்தனர்.

இதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான், அதாவது ஜூலையில், நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் வேறொரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. ஜப்பானின் என்.ஐ.சி.டி. ஆய்வு நிறுவனமும் சுமிடோமோ எலெக்ட்ரிக் நிறுவனமும் சேர்ந்து ஒரே கண்ணாடி இழையில் நொடிக்கு 1.02 பெட்டாபிட் தரவை 1,808 கிலோமீட்டர் தூரம் அனுப்பிக் காட்டின என்ற செய்தி. அந்த அளவைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்குப் போடுவோம். நம் வீட்டில் 100 மெகாபிட் இணைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதைப் போன்ற 1 கோடி வீடுகள் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் பயன்படுத்தினால் எவ்வளவோ அவ்வளவு, தலைமுடி அளவேயான ஒரே இழையில் போகிறது.

ஒருபுறம் இப்படி ஒரு சாதனை. மறுபுறம் ஒரு நங்கூரம் உரசினால் நின்றுபோகும் அழைப்பு. இரண்டும் ஒரே துறையின் செய்திகள்தாம். இந்த இரண்டுக்கும் நடுவே, விஞ்ஞானிகள் 'வடிவமைக்கப்பட்ட ஒளி' என்று அழைக்கும் ஒரு புதிய முயற்சி கடந்த பல ஆண்டுகளாக வளர்ந்து வருகிறது. 'முறுக்கிய ஒளியால் இணைய வேகம் நூறு மடங்காகும்' என்ற தலைப்புகளில் அவ்வப்போது நம்மிடமும் வந்து சேர்கிறது. அது என்ன, அதனால் நமக்கு என்ன நன்மை, எதை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இழைக்குள் என்ன நடக்கிறது?

பலர் இன்னும் இணையம் செயற்கைக்கோள் வழியாக வருகிறது என்றே நினைக்கிறார்கள். கண்டங்களுக்கு இடையே செல்லும் தரவில் 95 சதவீதத்துக்கு மேல் கடலுக்கு அடியில்தான் போகிறது. ஆழ்கடலில் கிடக்கும் கேபிள், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயின் பருமன்தான் இருக்கும். அதன் நடுவே முடி போன்ற சில கண்ணாடி இழைகள். அந்த இழைகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி ஓடுகிறது.

1966இல் சார்லஸ் காவ் என்ற விஞ்ஞானி, கண்ணாடியில் உள்ள மாசுகளை நீக்கினால் ஒளியை வெகுதூரம் அனுப்பலாம் என்று சொன்னபோது பெரிதாக யாரும் நம்பவில்லை. 2009இல் அதற்காக அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. 1988இல் அட்லாண்டிக் கடலைக் கடந்த முதல் ஒளியிழைக் கேபிள் ஒரே நேரத்தில் சுமார் 40,000 தொலைபேசி அழைப்புகளைச் சுமந்தது. அன்றைக்கு அது மலைப்பு.

அதற்குப் பிறகு பொறியாளர்கள் செய்தது என்ன? ஒளியில் இருக்கும் ஒவ்வொரு குணத்தையும் ஒவ்வொன்றாகப் பிடித்து, அதன் மீது தரவை ஏற்றினார்கள். ஒரே இழையில் பல நிறங்களை, அதாவது பல அலைநீளங்களை, ஒன்றாக அனுப்பினார்கள். ஒவ்வொரு நிறமும் தனித்தனிப் பாதை ஆனது. பிறகு ஒளி அதிரும் தளம். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் தளவிளைவு என்று படிக்கிறார்களே, அதுதான். அதனால் இரண்டு மடங்கு கிடைத்தது. ஒளியின் செறிவையும் கட்டத்தையும் நுணுக்கமாக மாற்றி ஒவ்வொரு துடிப்பிலும் பல பிட்களை வைத்தார்கள்.

இவையெல்லாம் இப்போது ஏறக்குறையத் தீர்ந்துவிட்டன. இன்னும் அதிகத் தரவு வேண்டுமென்றால் ஒளியின் சக்தியைக் கூட்ட வேண்டும். சக்தியைக் கூட்டினால் கண்ணாடியே ஒளியைச் சிதைக்கத் தொடங்குகிறது. வழக்கமான ஓர் இழையின் கொள்ளளவு நொடிக்கு ஏறத்தாழ 100 டெராபிட் என்ற அளவில் முட்டி நிற்கும் என்பது இத்துறையினரின் பொதுவான மதிப்பீடு. நாமோ ஆண்டுக்கு ஆண்டு அதிகமாகப் பார்க்கிறோம், பேசுகிறோம், பதிவேற்றுகிறோம். ஒளியில் இன்னும் கை வைக்காத குணம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்ற தேடல் அங்கிருந்துதான் தீவிரமானது.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். ஒளியின் வடிவம்.

மினாராப் படிக்கட்டு

சாதாரண லேசர் கற்றையில் ஒளியின் அலைமுகப்புகள், தட்டுகளை ஒன்றின் பின் ஒன்றாக அடுக்கியது போல நேராக முன்னேறுகின்றன. சுவரில் விழுந்தால் ஒரு பிரகாசமான புள்ளி. 1992இல் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் லெஸ் ஆலன் உள்ளிட்ட நால்வர் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கினார்கள். அலைமுகப்பைத் தட்டுப் போல அல்லாமல் திருகு போல முறுக்கிவிட முடியும். அப்படி முறுக்கிய ஒளி கோண உந்தத்தைச் சுமந்து செல்லும் என்பதே அது. பின்னர் நடந்த சோதனைகளில் அத்தகைய கற்றையில் சிக்கிய நுண்துகள்கள் தாமாகவே சுழன்றன.

பழைய பள்ளிவாசல் மினாராவுக்குள் ஏறியவர்களுக்கு அந்தச் சுழல் படிக்கட்டு நினைவிருக்கும். நடுவில் தூண், அதைச் சுற்றிச் சுற்றி மேலேறும் படி. முறுக்கிய ஒளியின் அலைமுகப்பும் இப்படித்தான் முன்னேறுகிறது. நடுத்தூண் இருக்கும் இடத்தில் ஒளி இல்லை. அங்கே அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அதனால் சுவரில் விழும்போது புள்ளியாக விழாமல் உளுந்து வடையைப் போல, நடுவில் இருண்ட ஓட்டையோடு வளையமாக விழுகிறது.

ஓர் அலைநீளத் தூரத்துக்குள் ஒரு சுற்று முறுக்கலாம், இரண்டு சுற்று முறுக்கலாம், பத்துச் சுற்றும் முறுக்கலாம். வலப்பக்கமாகவும் முறுக்கலாம், இடப்பக்கமாகவும் முறுக்கலாம். இந்த எண்ணிக்கைதான் முக்கியம். மூன்று முறுக்குள்ள கற்றையையும் ஐந்து முறுக்குள்ள கற்றையையும் ஒரே நிறத்தில், ஒரே பாதையில், ஒரே நேரத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக அனுப்பினாலும் அவை கலந்து குழம்பிவிடுவதில்லை.

பிரிப்பது எப்படி? சேருமிடத்தில் எதிர்த்திசையில் மூன்று முறை முறுக்கும் ஒரு தகட்டை வைக்கிறார்கள். மூன்று முறுக்கோடு வந்த ஒளி அதில் பட்டதும் முறுக்கு அவிழ்ந்து, நடுவே புள்ளியாகிவிடும். ஐந்து முறுக்கோடு வந்ததற்கு இன்னும் இரண்டு முறுக்கு மிச்சம் இருப்பதால் அது வளையமாகவே நிற்கும். நடுப்புள்ளியை மட்டும் எடுத்துக்கொண்டால் வேண்டிய செய்தி வந்துவிட்டது. படத்திரைக் கருவிகளில் பயன்படும் திரவப் படிகத் திரை போன்ற ஒன்றைக் கொண்டே இந்த முறுக்குகளை உண்டாக்கவும் அவிழ்க்கவும் முடிகிறது.

முறுக்கு என்பது வடிவங்களில் ஒரு வகைதான். கட்டம் கட்டமாகவும், வளையத்துக்குள் வளையமாகவும் இன்னும் பல வடிவங்களில் ஒளியைச் செதுக்க முடியும். எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் வடிவமைக்கப்பட்ட ஒளி என்ற பெயர்.

மேசையிலிருந்து தீவு வரை

2004இல் பிரிட்டனின் கிளாஸ்கோ பல்கலைக்கழகக் குழு, முறுக்கிய ஒளியின் வடிவங்களை எழுத்துகள் போலப் பயன்படுத்தித் திறந்த வெளியில் செய்தி அனுப்பலாம் என்று காட்டியது. 2012இல் அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆலன் வில்னரின் குழு ஆய்வக மேசையின் மீது நொடிக்கு 2.56 டெராபிட் வேகத்தை எட்டியது. உலகப் பத்திரிகைகளில் 'முறுக்கிய ஒளி' தலைப்புச் செய்தியானது அப்போதுதான். அடுத்த ஆண்டே பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் சித்தார்த் ராமச்சந்திரன் குழு, இதற்கென்றே தனியாகத் தயாரித்த 1.1 கிலோமீட்டர் இழையில் நொடிக்கு 1.6 டெராபிட் அனுப்பியது.

நமக்குப் பிடித்த சோதனை வியன்னாவில் நடந்தது. 2014இல் அங்கே ஒரு கோபுரத்திலிருந்து 3 கிலோமீட்டர் தொலைவுக்கு, ஊரின் வீட்டுக்கூரைகளுக்கு மேலாகப் பச்சை லேசரை முறுக்கி அனுப்பினார்கள். மோஸார்ட், போல்ட்ஸ்மான், ஷ்ரோடிங்கர் என்ற மூன்று ஆஸ்திரியர்களின் படங்களைப் புள்ளி புள்ளியாக அதில் ஏற்றினார்கள். மறுமுனையில் சுவரில் விழுந்த வடிவத்தைக் கேமரா படம்பிடிக்க, பயிற்றுவிக்கப்பட்ட கணினி நிரல் அது எந்த வடிவம் என்று அடையாளம் கண்டது. நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவாகவே தவறியது. ஆனால் வேகம்? மிக மிக மெதுவு. ஊரின் வெப்பக் காற்றைக் கடந்தும் வடிவம் பிழைக்கிறதா என்று பார்ப்பதே அந்தச் சோதனையின் நோக்கம். பிறகு இதே குழுவினர் கேனரித் தீவுகளில் லா பால்மாவுக்கும் டெனெரிஃபேவுக்கும் இடையே 143 கிலோமீட்டர் கடலுக்கு மேலே ஒரு சிறு வாழ்த்துச் செய்தியை இம்முறையில் அனுப்பினார்கள்.

ஒளி என்று வந்தாலே இப்னு அல்-ஹைஸமிலிருந்து தொடங்குவது நம் கட்டுரைகளின் வழக்கம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கெய்ரோவில் அவர் எழுதிய ஒளியியல் நூலின் பெருமை குறையப்போவதில்லை. இந்த முறை நாம் இன்றைய பெயர்களைச் சொல்ல விரும்புகிறோம். 2016இல் தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃபோர்ப்ஸும், துனீசியாவின் தொலைத்தொடர்புப் பொறியியல் கல்லூரியைச் சேர்ந்த அப்துர்ரஹ்மான் திரிஷிலி உள்ளிட்டோரும் சேர்ந்து, முறுக்கோடு மற்ற வடிவங்களையும் பயன்படுத்தி நூற்றுக்கும் மேற்பட்ட ஒளி வடிவங்களில் செய்தி அனுப்பிக் காட்டினார்கள். ஆப்பிரிக்காவின் இரு முனைகளிலிருந்து நடந்த வேலை அது. திரிஷிலி பின்னர் சவூதியின் மன்னர் அப்துல்லாஹ் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இதே துறையில் ஆய்வைத் தொடர்ந்தார்.

தலைப்புச் செய்தி சொல்லாதது

இங்கே நிறுத்திக்கொண்டால் வாட்ஸ்அப் செய்தி ஆகிவிடும். தலைப்புகளில் வராத மூன்று தடைகள் இருக்கின்றன. மூன்றும் சிறியவை அல்ல.

இப்போது கடலிலும் தெருவிலும் கிடக்கும் நெடுந்தூர இழைகளின் உட்கரு சுமார் 9 மைக்ரான் தடிமன் மட்டுமே. ஒரே ஒரு வடிவ ஒளி மட்டும் போகும்படி வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். பல வடிவங்கள் போனால் அவை வெவ்வேறு வேகத்தில் ஓடி ஒன்றோடொன்று மோதிக் குழம்பும் என்பதால்தான் அந்த ஏற்பாடு. ஆகவே முறுக்கிய ஒளியை இருக்கிற கேபிளில் ஏற்ற முடியாது. புதிய இழை வேண்டும். அந்தப் புதிய இழையும் வளைந்தால், அழுத்தப்பட்டால், உள்ளே போகும் வடிவங்கள் ஒன்றுக்குள் ஒன்று கசியும். கணினிக் கணக்கால் அதைப் பிரித்தெடுக்கலாம். அதற்கு மின்சாரமும் விலையுயர்ந்த சில்லுகளும் செலவாகும். 1.1 கிலோமீட்டரில் சாதித்ததை 10,000 கிலோமீட்டர் கடலடியில் செய்வது வேறு வேலை.

திறந்த வெளியில் அனுப்பினாலோ காற்று எதிரி. வெயில் நேரத்தில் தார்ச்சாலைக்கு மேலே காட்சி நெளிவதைப் பார்த்திருப்போம். அந்த நெளிவே வளையத்தை உடைத்துவிடும். மூடுபனியும் கனமழையும் வந்தால் முறுக்கிய ஒளி மட்டுமல்ல, எந்த ஒளியும் போகாது. போதாக்குறைக்கு, முறுக்கு கூடக் கூட வளையம் பெரிதாகிறது. தூரம் கூடக் கூட இன்னும் விரிகிறது. அதைப் பிடிக்க அவ்வளவு பெரிய தொலைநோக்கி வேண்டும்.

மூன்றாவது கொஞ்சம் கசப்பான உண்மை. 2011இல் இத்தாலியின் வெனிஸில் ரேடியோ அலைகளை முறுக்கி 442 மீட்டர் தூரம் அனுப்பினார்கள். முறுக்குகளுக்கு எல்லையே இல்லை, ஆகவே அலைவரிசைகளுக்கும் எல்லை இல்லை என்ற ஆர்ப்பாட்டம் அப்போது எழுந்தது. தகவல் தொடர்புப் பொறியாளர்கள் உடனே மறுத்தார்கள். அனுப்பும் கண்ணாடியும் வாங்கும் கண்ணாடியும் எவ்வளவு பெரியவை, இடையே எவ்வளவு தூரம், அலைநீளம் எவ்வளவு என்பதே எத்தனை தனிப் பாதைகள் கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. முறுக்கு என்பது அந்த இடத்தைப் பங்கு போடும் பல முறைகளில் ஒன்று. இல்லாத இடத்தை அது உண்டாக்காது. முறுக்கை மட்டும் பயன்படுத்தினால் கிடைக்கக்கூடிய பாதைகளில் ஒரு பகுதியை வீணடிக்கிறோம் என்று 2015இல் நேச்சர் ஃபோட்டானிக்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு கணக்குப் போட்டுக் காட்டியது. ஃபோர்ப்ஸ், திரிஷிலி போன்றோர் முறுக்கோடு நிற்காமல் மற்ற வடிவங்களுக்கும் போனதை இந்தப் பின்னணியில்தான் நாம் பார்க்க வேண்டும்.

எனவே நமது கருத்து இதுதான். முறுக்கிய ஒளி பொய்யல்ல. அது உறுதியான இயற்பியல். அதே சமயம், நாளைக்கே நம் வீட்டு இணையத்தை மாற்றப்போகும் ஒன்றும் அல்ல. இனி இப்படி ஒரு சாதனைச் செய்தி குழுவில் வந்தால், வேகத்தைப் பார்ப்பதற்கு முன் எத்தனை கிலோமீட்டர், எந்த இழை என்று பார்ப்போம்.

கேபிள் நிறுவனங்கள் செய்வது என்ன?

அவர்கள் எளிய வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஒளியை முறுக்குவதற்குப் பதில், இழைகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். கூகுளின் டூனான்ட் கேபிளில் 12 ஜோடி இழைகள். மெட்டா முன்னின்று அமைக்கும் 2ஆஃப்ரிக்கா கேபிள் 45,000 கிலோமீட்டர் நீளம், ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்து, அதன் ஒரு கிளை வளைகுடா நாடுகள் வழியாக இந்தியா வரை நீள்கிறது. அடுத்த கட்டமாக ஒரே இழைக்குள் பல உட்கருக்களை வைக்கிறார்கள். தைவான், பிலிப்பைன்ஸ், அமெரிக்காவை இணைக்கும் கேபிளில் இரண்டு உட்கரு கொண்ட இழையைப் பயன்படுத்தப்போவதாக 2023இல் கூகுளும் என்.இ.சி. நிறுவனமும் அறிவித்தன. நாம் தொடக்கத்தில் சொன்ன ஜப்பானியச் சாதனையும் 19 உட்கருக்கள் கொண்ட இழையில்தான் நிகழ்ந்தது. இழையின் வெளிப்பருமன் வழக்கமான 0.125 மில்லிமீட்டரே என்பதுதான் அதன் சிறப்பு. பழைய கேபிள் தொழிற்சாலைகளே அதைக் கையாள முடியும். இதுவும் ஒளியை இடத்தால் பிரிக்கும் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். முறுக்கிய ஒளிக்கு நெருங்கிய உறவு என்று சொல்லலாம்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முன்பு கடலடிக் கேபிள்களை அரசு தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கூட்டாகப் போட்டன. இப்போது முன்னால் நிற்பவை கூகுள், மெட்டா, மைக்ரோசாஃப்ட், அமேசான் ஆகியவை. கொள்ளளவு எவ்வளவு பெருகினாலும் கேபிள் எந்தக் கரையில் ஏற வேண்டும், எந்த நாட்டைத் தாண்டிப் போக வேண்டும் என்பதை அவர்களின் தரவு மையங்களே தீர்மானிக்கின்றன.

கடைசிச் சில கிலோமீட்டர்

முறுக்கிய ஒளிக்கு நாம் நம்பிக்கையோடு பார்க்கும் இடம் கடலடி அல்ல. ஊருக்கும் ஊருக்கும் இடையிலுள்ள சில கிலோமீட்டர்தான்.

காங்கோ ஆற்றின் ஒரு கரையில் பிராசவில், எதிர்க்கரையில் கின்ஷாசா. இரண்டும் தலைநகரங்கள், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியும். ஆனால் ஆறு ஆழமும் வேகமும் கொண்டது என்பதால் கேபிள் 400 கிலோமீட்டருக்கு மேல் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. கின்ஷாசாவில் இணையக் கட்டணம் எதிர்க்கரையைப் போல ஐந்து மடங்கு. 2021இல் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் தாரா திட்டம், ஆற்றின் இரு கரையிலும் இரண்டு கருவிகளை வைத்து 4.8 கிலோமீட்டர் தூரத்தை ஒளிக்கற்றையால் இணைத்தது. 20 நாளில் ஏறக்குறைய 700 டெராபைட் தரவு போனது. பள்ளம் தோண்டவில்லை, அலைவரிசை ஏலமும் தேவைப்படவில்லை. இதே நிறுவனம் 2017இல் ஆந்திர அரசின் ஃபைபர் நெட்டோடு 2,000 ஒளி இணைப்புகளுக்கு உடன்பாடு செய்ததும், பின்னர் ஏர்டெல்லோடு கைகோத்ததும் நினைவிருக்கலாம்.

தாரா பயன்படுத்துவது முறுக்காத, சாதாரணக் கற்றை. நாம் சொல்ல வருவது இதுதான்: அந்தச் சாதாரணக் கற்றையின் இடத்தில் பல வடிவ ஒளியை வைத்தால், அதே கோபுரம், அதே தூரம், ஆனால் பல மடங்கு தரவு. சில கிலோமீட்டர் தூரத்தில் வளையம் அவ்வளவாக விரியாது. காற்றின் நெளிவை உடனுக்குடன் சரிசெய்யும் கண்ணாடிகள் வானியல் தொலைநோக்கிகளில் ஏற்கெனவே உண்டு. ஃபோர்ப்ஸின் பல்கலைக்கழகத்தில் இந்த ஆய்வு நடப்பதற்கு ஒரு காரணம், ஜோஹன்னஸ்பர்க் போன்ற நகரங்களில் கேபிள் எட்டிய செல்வந்தர் பகுதிக்குப் பக்கத்திலேயே கேபிள் எட்டாத ஏழைக் குடியிருப்புகள் இருப்பதுதான்.

2024இல் உலகில் 260 கோடிப் பேர் இணையத்துக்கு வெளியே இருந்தார்கள் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் சொன்னது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் இழை கொண்டுபோகும் பணி பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது. சாலை விரிவாக்கத்திலும் குடிநீர்க் குழாய்ப் பணியிலும் இழை அறுபடுவது நம் ஊர்களில் அன்றாடக் காட்சி. மலைக்கிராமத்துக்கும் கழிமுகத் தீவுக்கும் ஒளிக்கற்றை பொருத்தமாக இருக்கும். ஆனால் நம் வடகிழக்குப் பருவமழையில் அது எத்தனை நாள் நிற்கும் என்பதை ஆய்வகம் சொல்லாது. கோபுரத்தில் மாட்டி, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் உள்ள பெற்றோருக்கு இடையில் ஒரு வார்த்தை. கணினி அறிவியல் கிடைக்கவில்லை என்றால் வாழ்க்கையே போய்விட்டது போலப் பேசுகிறோம். இயற்பியலும் மின்னணுவியலும் சந்திக்கும் இந்த ஒளியணுவியல் துறைக்கு ஆள் தேவை இருக்கிறது. பக்கத்திலேயே, கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யிலும் ஒளியிழை ஆய்வுக் குழு உண்டு. பி.எஸ்சி. இயற்பியல் சேரும் நம் பெண் பிள்ளைகள் பலருக்கு இந்த வாசல் இருப்பதே தெரிவதில்லை.

மீண்டும் செங்கடலுக்கு

கொள்ளளவு பெருகினால் அறுபடும் பிரச்சினை தீருமா? தீராது. யோசித்துப் பார்த்தால் கூடவே செய்யும். பத்து கேபிள்களில் போன தரவு ஒரே கேபிளில் போகத் தொடங்கினால், ஒரு நங்கூரம் முன்பு ஒன்றை அறுத்ததற்கு இப்போது பத்தை அறுத்ததாக ஆகும். ஒளியை எவ்வளவு முறுக்கினாலும் அது போவது அதே குறுகிய கடல் வழியில்தான். ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான கேபிள்களின் பெரும்பகுதி பாபுல் மந்தப் நீரிணையிலிருந்து எகிப்துக் கரை வரை ஒரே தடத்தில் நெருக்கியடித்துக் கிடக்கிறது. உலகில் ஆண்டுக்கு 150 முதல் 200 வரை கேபிள் பழுதுகள் ஏற்படுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை சதிவேலை அல்ல. மீன்பிடி வலையும் நங்கூரமும்தான்.

2024 பிப்ரவரியில் தாக்கப்பட்ட ரூபிமார் கப்பல், நங்கூரத்தை இழுத்தபடி மிதந்து சென்றபோதும் செங்கடலில் மூன்று கேபிள்கள் சேதமடைந்தன. அப்போது பழுது நீக்கத் தடையாக இருந்தது தொழில்நுட்பம் அல்ல. ஏமனில் இரு தரப்பு அதிகாரம் செலுத்தும் நிலையில் யாரிடம் அனுமதி வாங்குவது என்ற சிக்கலும், போர்ப் பகுதிக்குள் பழுதுக் கப்பல் போகும் ஆபத்தும் சேர்ந்து, சில கேபிள்களைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆனது.

நம் நாட்டின் நிலையும் இதில் பெருமைப்படும்படி இல்லை. இந்தியாவில் கரையேறும் சர்வதேசக் கேபிள்கள் 17, கரையேற்ற நிலையங்கள் 14 என்று டிராய் 2023இல் கணக்குச் சொன்னது. மும்பையிலும் சென்னையிலும்தான் பெரும்பாலானவை. மிச்சம் கொச்சி, திருவனந்தபுரம், தூத்துக்குடி. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு அருகே கல்கிசைக்குப் போகும் கேபிள் 2006இல் போட்டது. பழுது நீக்கும் கப்பலுக்கு இன்னமும் வெளிநாட்டு நிறுவனங்களையே எதிர்பார்க்கிறோம். இந்தியக் கொடியோடு அத்தகைய கப்பல்கள் வேண்டும், அதற்கு ஊக்கம் தர வேண்டும் என்று அதே ஆண்டு டிராய் பரிந்துரைத்தது. பெட்டாபிட் செய்திக்குக் கிடைத்த கவனத்தில் கால்வாசிகூட அந்தப் பரிந்துரைக்குக் கிடைக்கவில்லை. வளைகுடாவில் பிள்ளைகளை வைத்திருக்கும் நம் குடும்பங்களுக்கு முறுக்கிய ஒளியை விட அவசரமானது அந்தக் கப்பல்தான் என்று நாம் கருதுகிறோம்.

திரிஷிலி ஆய்வு செய்த அந்தச் சவூதிப் பல்கலைக்கழகம் இருப்பது ஜித்தாவுக்கு வடக்கே துவலில், செங்கடல் கரையிலேயே. ஒளியை எப்படியெல்லாம் வடிவமைக்கலாம் என்ற ஆய்வு அந்தக் கரையில் நடந்தது. கேபிள் அறுந்தது அதே கடலில், ஜித்தாவுக்கு அருகே. அறுந்த முனையை மேலே தூக்கி, இழை இழையாக ஒட்டவைக்க இன்றும் ஒரு கப்பலும், அனுமதிக் கடிதமும், அமைதியான சில நாள்களும் வேண்டும்.